வெறும் இரத்தம்

பார்ப்பவர் தொடக்கூடாது, தொடுபவர் பார்க்கக்கூடாது. மண்டல நோயறிதல் மையத்தின் வாசிப்பறைக் கதவில் இப்படி ஒரு தகடு பதினோரு வருடங்களாக இருந்தது. கட்டியில் ஊசி குத்திச் செல்களை எடுக்கும் டெக்னீஷியனுக்கு முடிவு தெரியாது. முடிவின் கீழே கையெழுத்திடும் டாக்டருக்கு நோயாளியின் முகம் தெரியாது. இருவருக்கும் நடுவில் 'தெளிவு' இருந்தது. ஸ்லைடைப் படம் பிடித்து நாற்பது நொடியில் நோயின் பெயரைச் சொல்லிவிடும் இயந்திரம். மனிதக் கண்ணுக்கு இரக்கம் உண்டு, பயம் உண்டு, மதியத்துக்கு மேல் தூக்கமும் உண்டு, அதனால்தான் இந்த ஏற்பாடு என்று தொடக்கத்தில் சொன்னார்கள். டாக்டர் நாச்சியாருக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

ஒரு நாளைக்கு நூற்றறுபது கையெழுத்து. காலையில் உட்கார்ந்தால் மாலை எழுந்திருப்பாள். அந்த அறையில் யாரும் பேசுவதில்லை. பேசாமல் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள் என்றும் சொல்லலாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஒரு பெண் அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். பின்னாலேயே காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார். அவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மீன் வாடை அவளுக்கு ஒரு எட்டு முன்னால் வந்து நின்றது. கையிலிருந்த ஃபோனில் அவளுடைய அறிக்கை திறந்திருந்தது. அறிக்கையின் அடியில் இருந்த பெயரைப் படித்துக்காட்டி, அது நீங்கள்தானா என்று கேட்டாள். நாச்சியார் ஆமென்று தலையசைத்தாள்.

அவள் பெயர் சலேத் மேரி. திரேஸ்புரத்தில் படகுகள் வந்து சேரும் இடத்தில் மீன் ஏலம் கூறுகிறவள். கழுத்தின் இடது பக்கம், தாடை எலும்பின் மூலைக்குக் கீழே, ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. போன வாரம் ஊசி குத்தினார்கள். வேறெங்கிருந்தோ பரவிய புற்று, கழுத்து நெறிகட்டியில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அறிக்கை வந்துவிட்டது. சனிக்கிழமை நாச்சியார் போட்ட நூற்றறுபதில் அதுவும் ஒன்று.

"என் கழுத்தப் பாக்காமலே புத்துன்னு எழுதியிருக்கிய," என்றாள் சலேத். சத்தம் போடவில்லை. போடாமலே அந்தக் குரல் அறை முழுக்க நின்றது. "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அறுக்கப் போறாவ. குரல் போனாலும் போவும்னு பேப்பர்ல எழுதி வாங்கியிருக்காவ. நான் ஏலக்காரி டாக்டரம்மா. பதினாறு வருசமா கூவுதேன். ஒரு சீலா மீனக்கூட செவுளத் தூக்கிப் பாக்காம, விரல வச்சு அமுக்காம எவனும் ஏலம் கேக்க மாட்டான். என் கழுத்து அந்த மீனவிட மட்டமா?"

காவலாளி அவள் கையைப் பிடிக்கப் போனார். வேண்டாம் என்று நாச்சியார் சைகை காட்டினாள்.

அந்தக் கழுத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து கை கழுவ இடம் தேடினாள். வாசிப்பறையில் குழாய் கிடையாது. யாரையும் தொடாதவர்களுக்குக் குழாய் எதற்கு. குடிக்க வைத்திருந்த தண்ணீரை விரல்களில் ஊற்றி, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, சலேத்தின் பின்னால் போய் நின்றாள். பதினோரு வருடங்களில் அவள் தொட்ட முதல் கழுத்து.

கட்டியை முன்னும் பின்னும் தள்ளினாள். நகர்ந்தது. மேலும் கீழும் தள்ளினாள். நகரவில்லை. கரையில் கட்டிப்போட்ட படகு போலப் பக்கவாட்டில் ஆடியது, அவ்வளவுதான். விரலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். விரலுக்கடியில் அது துடித்தது.

ஊசி குத்தும்போது இரத்தம் நிறைய வந்ததா என்று கேட்டாள். அந்த அண்ணன் மூன்று தடவை குத்தினார், முதல் இரண்டிலும் ஊசி நிறைந்து வழிந்தது, மூன்றாவதில்தான் 'இப்ப வந்துட்டு' என்று சொன்னார் என்றாள் சலேத்.

"நாளைக்கு என் முகத்தப் பாக்காம தியேட்டருக்குள்ள போகாதீங்க," என்றாள் நாச்சியார். "யார் கூப்பிட்டாலும்."

சலேத் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பமாவது தொட்டுப் பாத்தியளே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஹபீப் இருபது வருடமாக ஊசி பிடிக்கிறவன். கை அவ்வளவு லேசு. குத்து வாங்கியவர்கள் 'முடிஞ்சிட்டா' என்று கேட்பார்கள். அவனிடம் போய், சலேத் மேரியின் முதல் இரண்டு ஸ்லைடும் எங்கே என்று நாச்சியார் கேட்டதும், அவன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். வழக்கமாகச் செய்வதைத்தான் செய்ததாகச் சொன்னான். ஊசியில் வந்ததை ஸ்லைடில் பரப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பான். வெறும் இரத்தம் என்றால் அது நேராக நீலப் பெட்டிக்குப் போகும். அனுப்பினால் தெளிவு 'போதாது' என்று திருப்பிவிடும். மாதத்தில் ஐந்து 'போதாது' வாங்கினால் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்கள். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஊசி பிடிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டது. ஊரெங்கும் இப்படித்தான்.

"ரத்தம் வந்தா ஊசி தப்பான எடத்துல போயிருக்குன்னு அர்த்தம் மேடம். அப்படித்தான் சொல்லித் தந்தாங்க."

"சரியான எடத்துலதான் போயிருக்கு ஹபீப். அந்தக் கட்டியே ரத்தம்தான்."

கண்ணாடிக் கழிவு போடும் நீலப் பெட்டியைத் தரையில் செய்தித்தாள் விரித்துக் கவிழ்த்தார்கள். நல்லவேளை, கழிவு வண்டி புதன்கிழமைதான் வரும். உடைந்ததும் உடையாததுமாக நூற்றுக்கணக்கான ஸ்லைடுகள், எல்லாம் காய்ந்த செந்நிறம். இருவரும் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்கள். ஹபீப் பென்சிலில் எழுதிய எண்ணோடு இரண்டும் கிடைத்தன; ஒன்றின் மூலை உடைந்திருந்தது. அவன் சாயம் ஏற்றிக்கொடுத்தான். நாச்சியார் தன் பழைய மைக்ராஸ்கோப்பை அலமாரியிலிருந்து இறக்கி உறையை எடுத்தாள்.

இரத்தக் கடல். அதற்குள் அங்கங்கே சின்னச் சின்னக் கூட்டமாகச் செல்கள், கை கோத்தும் கோக்காமலும். சிலவற்றின் கரு மட்டும் பூதாகரமாக வீங்கியிருந்தது. மூன்றாவது ஸ்லைடிலும் இப்படி இருந்ததைத்தான் தெளிவு புற்று என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் செல்களின் உடம்பில் பொடிப்பொடியாகச் சிவப்புத் துகள்கள் தெரிந்தன. நாச்சியார் கண்ணை எடுக்கவில்லை. இதை அவள் இதற்கு முன் பார்த்திருக்கிறாள்.

என்ன அது என்று ஹபீப் கேட்டான். "மூளைக்குப் போற பெரிய ரத்தக் குழாய் கழுத்துல ரெண்டாப் பிரியும். அந்தக் கவட்டுல அரிசி அளவுல ஒரு உறுப்பு உண்டு. லட்சத்துல ஒருத்தருக்கு அது வீங்கும். கரோட்டிட் கட்டின்னு சொல்வோம். பெரும்பாலும் அது புத்து கெடையாது. தெரிஞ்சு, குழாயைக் கட்டுறதுக்கு ஆள் வச்சுக்கிட்டுப் பக்குவமா எடுத்தா எடுத்திரலாம். நெறிகட்டின்னு நெனச்சுக் கத்திய வச்சா..."

வாசிப்பறைக்குத் திரும்பி, அறிக்கையைத் திறந்து, பெயரைக் கரோட்டிட் கட்டி என்று மாற்றச் சொன்னாள். தெளிவின் குரலில் ஒருபோதும் பதற்றம் கிடையாது.

"அந்தப் பெயர் பட்டியலில் இல்லை, டாக்டர்."

"இருந்ததே."

"ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து காணப்படாத நோய்கள் நீக்கப்படுகின்றன. இது நான்கு ஆண்டுகளுக்கு முன் நீக்கப்பட்டது."

"ஏன் காணப்படவில்லை?"

"அரிய நோய் என்பதால் அதற்கான வாய்ப்பு ஒவ்வொரு முறையும் மூன்று விழுக்காட்டுக்குள் இருந்தது. முதலிடத்தில் இருந்த பெயரை நான் சொன்னேன். மருத்துவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட அறிக்கைகளிலிருந்தே நான் கற்கிறேன்."

நாச்சியார் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். இயந்திரம் பொய் சொல்லவில்லை. அதன் பாடப்புத்தகம் இவர்கள் போட்ட கையெழுத்துகள்தான். ஒரு நோயைக் குணப்படுத்தாமல், தடுக்காமல், கையெழுத்துப் போட்டே உலகத்திலிருந்து இல்லாமல் ஆக்கியிருக்கிறார்கள். நோய் தீர்ந்துவிட்டது, நோயாளிகள் மட்டும் மிச்சம்.

மறுபடி சேர்க்க என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"அறுத்தெடுத்த திசுவால் உறுதியான ஒரே ஒரு பதிவு போதும், டாக்டர். அப்படி ஒன்றும் இல்லை."

இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அறுவை சிகிச்சை நிபுணர் கோமதிநாயகம் மதியச் சாப்பாட்டில் இருந்தார். அவளைவிட எட்டு வயது இளையவர். பக்கத்துக் கட்டிடம்தான் என்றாலும் இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். துடிப்பு தன் விரலுக்கும் தெரிந்தது என்றார். குழாய்மேல் உட்கார்ந்த நெறிகட்டியும் அப்படித் துடிக்குமே. இரத்தக் குழாயில் சாயம் ஏற்றி ஒரு டை ஸ்கேன் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் தெளிவின் சீட்டு இல்லாமல் ஸ்கேன் அறை திறக்காது. தொண்ணூற்றேழு விழுக்காடு உறுதி என்று அது சொல்லிவிட்ட பிறகு மேற்கொண்டு சோதனை கிடையாது. வீண் என்று விதி.

"நான் கத்தி எடுக்க மாட்டேன்னு சொல்லலாம் மேடம். சொன்னா ஆபரேஷன் லிஸ்ட் அவங்களை மதுரைக்கு மாத்தும். நான் போன் பண்ணிச் சொன்னாலும் அங்க உள்ள சர்ஜனும் இதே பேப்பரத்தான் பாப்பாரு."

மின்விசிறி சுற்றியது. தயிர் சோற்றில் அவர் கரண்டியை வைத்தபடி இருந்தார்.

"சுடலைமணி ஞாபகம் இருக்கா?" என்றார் கடைசியில்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பளத்துல வேல. முப்பத்தெட்டு வயசு. பதினெட்டு நிமிஷம் விரலை வச்சு அமுக்கிக்கிட்டே நின்னேன். ரத்தம் நிக்கல. அந்தக் கட்டியை ஜாடியில போட்டு உங்களுக்குத்தான அனுப்புனேன். 'முந்தைய அறிக்கையை உறுதி செய்கிறது'ன்னு எழுதி வந்துச்சு. ஆறு வருஷமா கேக்கணும்னு இருக்கேன் மேடம். உண்மையிலேயே உறுதி செஞ்சுதா?"

வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் வந்து, தேய்ந்து, நின்றது.

"இல்ல," என்றாள் நாச்சியார்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, காலை எட்டு மணி வரைக்கும் தன் தியேட்டர் காலியாகத்தான் இருக்கும், அதற்குள் அறிக்கையை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அவளுடைய மேசையின் அடி இழுப்பறையில், பஞ்சில் சுற்றிய ஒரு மெழுகுக்கட்டி இருந்தது. தீப்பெட்டியில் பாதி அளவு. அதற்குள் சுடலைமணியின் கட்டியின் ஒரு துண்டு. அன்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, பந்து பந்தாகத் திரண்டு நின்ற செல்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆள் போய்விட்டார், மாற்றி எழுதினால் திரும்பி வரவா போகிறார் என்று அந்த வாரம் முழுக்கத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். மெழுகுக்கட்டியை மட்டும் கழிவுக்கு அனுப்ப மனம் வரவில்லை. இத்தனை வருடம் அதை ஏன் வைத்திருக்கிறோம் என்று அவள் தன்னைக் கேட்டதும் இல்லை.

ஹபீப் அதைச் சீவிச் சாயம் ஏற்றிக் கொண்டுவர மணி நாலேகால் ஆயிற்று. தெளிவு அதையும், நீலப் பெட்டியில் கிடைத்த இரண்டு ஸ்லைடுகளையும் படம் பிடித்துக்கொண்டது. சுடலைமணியின் அறிக்கைக்கான திருத்தப் படிவம் நான்கு பக்கம். மூன்றை வேகமாக நிரப்பினாள். நான்காவதில் ஒரே வரி: என் கையெழுத்து தவறானது என்று உறுதி கூறுகிறேன். அதன் கீழே பின்விளைவுகள். கையெழுத்து உரிமை அந்த நிமிடமே நிறுத்தப்படும். விசாரணை நடக்கும். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் நோயாளியின் குடும்பத்துக்குத் தகவல் போகும்.

அவள் விரல் கையெழுத்துப் பலகைக்கு மேலே நின்றது.

"உங்களுக்கு நிச்சயம்தானா, டாக்டர்?" என்றது தெளிவு. "இந்த நோயின் பெயரில் திருத்தம் தொடங்கியவர்கள் இதுவரை நாற்பத்தொரு பேர். முடித்தவர்கள் யாருமில்லை."

"யார் அவர்கள்?"

பெயரைக் காட்ட முடியாது என்றது. ஊரையும் தேதியையும் காட்டியது. சேலம், மூன்றாம் பக்கம் வரை, மூடப்பட்டது. கடலூர், நான்காம் பக்கம் வரை, மூடப்பட்டது. நாகர்கோவில், நான்காம் பக்கம். கரூர், நான்காம் பக்கம். பெரும்பாலானவை நான்காம் பக்கம். இத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனி அறையில், தான் ஒருத்திதான், தான் ஒருவன்தான் என்று நினைத்து, இதே வரி வரைக்கும் வந்து எழுந்து போயிருக்கிறார்கள்.

பன்னிரண்டாவது வரியில் அவள் கண் நின்றது. தூத்துக்குடி. ஆறு வருடங்களுக்கு முந்தைய தேதி. நான்காம் பக்கம் வரை. மூடப்பட்டது.

அந்த ஊரில் அந்த வருடம் கையெழுத்துப் போட்டவள் அவள் ஒருத்திதான். மனசில் நினைத்ததோடு சரி, படிவத்தைத் தொட்டதே இல்லை என்றுதான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தாள். நினைவு அதைக்கூட நீக்கிவிட்டிருந்தது. தொடர்ந்து பார்க்காமல் விட்டதை நீக்க அதற்கும் தெரிந்திருக்கிறது.

தெளிவு கடைசியாகக் காரணம் கேட்டது. தேர்ந்தெடுக்க வசதியாக மூன்று காரணங்களையும் தயாராக வைத்திருந்தது: ஸ்லைடின் தரக்குறைவு, பணிச்சுமை, கருவிக் கோளாறு. நாச்சியார் மூன்றையும் தொடவில்லை. கீழே இருந்த வெற்றுக் கட்டத்தில் எழுத்தெழுத்தாகத் தட்டினாள்.

'தெரிந்தே கையெழுத்திட்டேன்.'

பிறகு, தினமும் நூற்றறுபது முறை யோசிக்காமல் போடும் அந்தக் கையெழுத்தை, பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகப் போடுவது போல நிதானமாகப் போட்டாள்.

நாற்பது நொடி. பட்டியலில் பெயர் ஏறியது. தெளிவு தானாகவே சலேத் மேரியின் ஸ்லைடுகளை மறுபடி வாசித்தது. இம்முறை மூலை உடைந்ததையும் சேர்த்து. கரோட்டிட் கட்டி, தொண்ணூற்று நான்கு விழுக்காடு. அறுவை நிறுத்தம். டை ஸ்கேன் அனுமதிக்கப்படுகிறது. நடைக்கூடத்து இயந்திரம் சீட்டை அச்சிடும் சத்தம் கேட்டது. அவளுடைய திரை அதே நேரம் வெளுத்து, உங்கள் அனுமதி நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி காட்டி அணைந்தது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குச் சலேத் தியேட்டர் வாசலில் பச்சை அங்கியோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நர்ஸுகள் வந்து ஸ்கேனுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லையாம். நாச்சியாரைப் பார்த்ததும்தான் எழுந்தாள். கோமதிநாயகமே அவளை ஸ்கேனுக்கு அழைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து படத்தைக் காட்டினார். குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டில், இரண்டு கிளையையும் விலக்கிக்கொண்டு, கட்டி விளக்கு எரிவது போல எரிந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நாச்சியார் அவர் விரல்களைப் பார்த்தாள்.

இரத்தக் குழாய் நிபுணரை வரவழைத்து மூன்று வாரம் கழித்து எடுக்கலாம் என்று சலேத்திடம் சொன்னார்கள். குரல் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். நரம்பு பக்கத்தில்தான் ஓடுகிறது, காப்பாற்றப் பார்ப்போம், உறுதி கொடுக்க முடியாது என்றாள் நாச்சியார்.

"அது போதும்," என்றாள் சலேத். "செவுளத் தூக்கிக் காட்டிட்டிய. இனி நான் கேக்கதா விடுததான்னு நான் சொல்லுதேன்."

பத்து மணிக்கு மைய இயக்குநர் அழைத்தார். அன்பாகத்தான் பேசினார். ஒரு நாளுக்குள் திருத்தத்தைத் திரும்பப் பெற வழி உண்டு. அந்தப் பெண்ணுக்குத்தான் நல்லது நடந்துவிட்டதே. காரணக் கட்டத்தில் மட்டும் பணிச்சுமை என்று மாற்றிக்கொண்டால் விசாரணை பெயரளவில் முடிந்துவிடும் என்றார். அப்படி மாற்றினால் அந்த நோய் பட்டியலில் இருக்குமா என்று கேட்டாள். அது தொழில்நுட்ப விஷயம் என்றார். காரணம் எழுதியபடியே இருக்கட்டும் என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

முத்தையாபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாதி வழியில் ஹபீப் கூப்பிட்டான். இரத்த ஸ்லைடுகளை இனிமேல் கழிக்கக்கூடாது என்று காலையிலேயே சுற்றறிக்கை வந்துவிட்டதாம். அப்புறம், தயங்கித் தயங்கிச் சொன்னான்: மற்ற நாற்பது பேருக்கும் தெளிவு தானாகவே செய்தி அனுப்பியிருக்கிறது, உங்கள் முடிக்கப்படாத திருத்தம் காத்திருக்கிறது என்று.

"முடித்தவர்கள்னு ஒரு எண்ணு காட்டுது மேடம். காலையில ஒண்ணுன்னு இருந்துச்சு. இப்ப ஏழு."

அவள் ஃபோனை வைக்கவில்லை. அவனும் வைத்துவிடவில்லை. உப்பளங்கள் வரும்வரை இருவரும் அப்படியே பேசாமல் ஃபோனைப் பிடித்திருந்தார்கள்.

சுடலைமணியின் வீட்டைக் கண்டுபிடிக்க மூன்று பேரிடம் விசாரிக்க வேண்டியிருந்தது. மணி நாலரை. கதவைத் திறந்த பெண்ணின் முழங்கை வரைக்கும் உப்பு பூத்திருந்தது. வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருப்பாள். யார் வேணும் என்று கேட்டாள். நாச்சியார் தன் பெயரைச் சொன்னாள். முன்னால் டாக்டர் என்று சேர்க்கவில்லை.

உள்ளே, ஜன்னல் கட்டையில் கிடந்த ஃபோன் ஒருமுறை ஒலித்தது. அந்தப் பெண் திரும்பி அதை எடுக்கப் போனாள்.

"அதப் பாக்காதீங்கம்மா," என்றாள் நாச்சியார். "அதுல இருக்கறத நானே சொல்லணும்னுதான் வந்தேன்."